முதல் சுற்றுலாப் பயணி

தென்கடல் வணிக, முதலீட்டு, சுற்றுலா நட்புறவுக் கழகம் தூத்துக்குடியில் அலுவலகம் திறந்த புதிதில், அதில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அய்யாக்குட்டியின் கடையில்தான் சாப்பிட்டார்கள். துறைமுகச் சாலையில் கழகத்துக்கு நேர் எதிரே அவருடைய புரோட்டா கடை. கழகத்தின் பெயர் நீளமாக இருந்ததால் ஒரே பலகையில் அடங்கவில்லை. இரண்டாவது பலகை வந்து சேரும்வரை 'தென்கடல் வணிக, முதலீட்டு' என்பது மட்டும் வாசலில் தொங்கியது. அடகுக்கடை என்று நினைத்து நகையோடு வந்தவர்களை, "இது அது இல்ல" என்று அய்யாக்குட்டிதான் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கழகத்தின் வேலை இதுதான். கடலுக்கு இந்தப் பக்கம் தூத்துக்குடி. அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார்க் கரை. இரண்டுக்கும் நடுவே வணிகம், முதலீடு, சுற்றுலா மூன்றையும் வளர்க்க வேண்டும். "கடல் ஏற்கெனவே அமைக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய பணிகளை மட்டுமே நாம் செய்ய வேண்டியிருக்கிறது" என்று கழகத் தலைவர் தொடக்க விழாவில் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். விழாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த அய்யாக்குட்டியும், சால்னா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். உடன்குடிப் பக்கத்துக் குடும்பம். பிறந்து படித்தது எல்லாம் தூத்துக்குடி. துறைமுகத்துக்கு வரும் லாரிக்காரர்களை நம்பிக் கடை போட்டு, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் கடையை ஒட்டி டீக்கடை, பஞ்சர் கடை, மீன் பொரித்து விற்கும் செல்லக்கனியின் கொட்டகை என்று ஒரு வரிசையே இருந்தது. சாலையை அகலமாக்குகிறோம் என்று முன்பொரு முறை யாரோ வந்தபோது, வரிசைக்காரர்கள் சேர்ந்து கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கி வைத்திருந்தார்கள். அலைந்து திரிந்து அதை வாங்கியவர் அய்யாக்குட்டி. அன்றிலிருந்து அந்த வரிசையில் எதுவானாலும் அவர் சொல்வதுதான்.

கழகத்துக்குப் பயணிகள் முனையம் கட்ட இடம் வேண்டியிருந்தது. கடை வரிசையின் பின்பக்கம் முழுக்க வெறும் பொட்டல்தான். ஆனால் வரைபடத்தில் முனையத்தின் வாசல், செல்லக்கனியின் எண்ணெய்ச் சட்டி இருந்த இடத்தில் விழுந்திருந்தது. வரைபடம் டெல்லி வரை போய் ஒப்புதல் வாங்கி வந்துவிட்டபடியால் வாசலை நகர்த்த வழியில்லை. எண்ணெய்ச் சட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

அதற்குக் கிளைட்டன் வந்தான்.

கிளைட்டனும் அய்யாக்குட்டியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இன்சூரன்ஸ், ரியல் எஸ்டேட் என்று பல தொழில் பார்த்துவிட்டு, இப்போது கழகத்தில் 'நட்புறவு ஒருங்கிணைப்பாளர்' ஆகியிருந்தான். அய்யாக்குட்டியின் மூத்த மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏலே அய்யாக்குட்டி, இன்னும் எத்தன நாளைக்கு லாரிக்காரனுக்கே புரோட்டா வீசிக்கிட்டு இருக்கப் போற?"

"லாரிக்காரன் தின்னுட்டுத் துட்டக் குடுத்துட்டுப் போறான். அதுல ஒனக்கு என்னலே வருத்தம்?"

"வருத்தந்தாம்லே. கப்பல் வரப்போவுது. மன்னார்ல இருந்து ஆளுக எறங்குவாங்க. கடல்ல வந்தா பசி எடுக்கும்லா? முனையத்துக்குள்ள கால வச்சதும் மொதக் கடை ஒங்கடை. ஏசி. கண்ணாடிக் கதவு. நீ வேர்த்து ஒழுக நின்னுக்கிட்டு வீச வேண்டாம், மாஸ்டருக்குத் தொப்பி உண்டு."

"இந்தக் கடைய?"

"எடுக்கல. எடம் மாத்துதோம். அதுக்குக் கேஸ வாபஸ் வாங்கணும். அம்புட்டுத்தான்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் உள்ள கடை உண்டு. நான் சொல்லுதேம்லா? ஒன்ன ஏமாத்திட்டு நாளைக்குப் பனிமய மாதா முன்னால போயி எப்படிலே முட்டி போடுவேன்?"

அய்யாக்குட்டி அன்று முழுக்க யோசித்தார். வீட்டில் மனைவி இந்துமதி, "கப்பல் வரட்டும். வந்தப் பொறவு கடைய எடுத்தா ஆவாதா?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வியைக் கிளைட்டனிடம் கேட்டால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் அவர் கேட்கவில்லை. வரிசைக்காரர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். வாசலுக்குப் போவது அவள் இடம்தானே. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கொட்டகையை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கழகமும் தெரியாது, கிளைட்டன் சாரும் தெரியாது" என்றாள் அவள். "அண்ணாச்சி சொன்னா சரி."

வழக்கு வாபஸ் ஆன வாரமே ஜேசிபி வந்தது. இடித்து முடித்த மண்மேட்டின் மேலேயே பந்தல் போட்டுக் கழகம் தியாகப் பாராட்டு விழா நடத்தியது. அய்யாக்குட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் உருக்கமாகப் பேசினார்:

"இந்தக் கடைகள் இங்கே இருந்திராவிட்டால் இவற்றை நாம் அகற்றியிருக்க முடியாது. அகற்றியிருக்காவிட்டால் இன்று இந்த விழா இல்லை. எனவே இந்தத் திட்டத்தின் முதல் வெற்றிக்கு முழுக் காரணம் இவர்களே. நான் கேட்டுக்கொள்வதெல்லாம் ஒன்றுதான். இதே ஒத்துழைப்பைத் தொடர்ந்து வழங்க வேண்டும். அகற்ற இவர்களிடம் இனி ஒன்றும் இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். மனம் இருந்தால் வழி உண்டாகும்."

பொன்னாடையை இந்துமதி மைதா மாவு மூடப் பயன்படும் என்று எடுத்து வைத்தாள். மாவுதான் இல்லை. அய்யாக்குட்டி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொருவர் கடையில் மாஸ்டராக நின்றார். செல்லக்கனி திரேஸ்புரத்தில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றாள். முனையம் எழும்பிக்கொண்டிருந்தது.

அது எழும்பும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று கழகம் பயிற்சி முகாம் நடத்தியது. 'வெளிநாட்டுப் பயணிகளை எதிர்கொள்வது எப்படி' என்பது தலைப்பு. பெரிய ஓட்டலின் குளிரூட்டப்பட்ட அறையில் வரிசைக்காரர்கள் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது வாயைவிடக் கையை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்றார். 'சாப்பிடுகிறீர்களா' என்பதற்கு ஒரு சைகை. 'குடிக்கத் தண்ணீர்' என்பதற்கு ஒரு சைகை. 'கழிப்பறை அந்தப் பக்கம்' என்பதற்கு அவர் காட்டிய சைகையைப் பார்த்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

செல்லக்கனி எழுந்தாள். "சார், மன்னார்ல உள்ளவங்க தமிழ்தான பேசுதாங்க?"

பயிற்சியாளருக்கு அது தெரியாது. வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தார். வரும்போது தலைவரையும் கூட்டி வந்தார்.

"நல்ல கேள்வி" என்றார் தலைவர். "அவர்கள் தமிழ் பேசுவது உண்மைதான். அந்தச் சிக்கலைக் கழகம் கவனத்தில் கொண்டிருக்கிறது. அவர்கள் பேசுவதை நீங்கள் நேரடியாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? அண்டை வீட்டார் பேசிக்கொள்வது போல் ஆகிவிடும். இரு நாட்டு உறவு என்ற கௌரவம் எங்கே இருக்கும்? ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமித்திருக்கிறோம். அவர்களுடைய தமிழை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை உங்கள் தமிழாக்கித் தருவார். அதுவரை யாரும் புரிந்துகொள்ள வேண்டாம்."

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலை சீக்கிரமே வந்தது. மன்னாரிலிருந்து வணிகர் இருவர் நல்லெண்ணப் பயணமாக, விமானத்தில் மதுரையில் இறங்கி, காரில் வந்தார்கள். 'உள்ளூர்த் தொழில்முனைவோர்' என்று ஒரு நாற்காலியில் அய்யாக்குட்டியைக் கிளைட்டன் உட்கார வைத்திருந்தான். வணிகர்களில் மூத்தவர் எழுந்து, "கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் வெகுநேரம் சொன்னார். தலைவர் ஆங்கிலத்தில் அதைவிட அதிக நேரம் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வணிகரிடம் திரும்பி, "பரிசீலனையில் உள்ளது" என்றார்.

பிறகு பரிசுப் பரிமாற்றம். முத்து நகரின் நினைவாகக் கழகம் ஒரு நீல வெல்வெட் பெட்டி கொடுத்தது. உள்ளே ஒரு முத்துமாலை. விருந்தினர்களும் மன்னார் முத்துக்குளிப்பின் நினைவாக ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். அதுவும் நீல வெல்வெட். மாலையும் அதே மாலை. இரண்டு பெட்டியின் அடியிலும் ஒரே சீன எழுத்து. எல்லோரும் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு தலைவர், "பாருங்கள், நம் இரு கரைகளின் பண்பாடும் எவ்வளவு நெருக்கமானது!" என்றார். பலத்த கைதட்டல்.

கை கழுவும் இடத்தில் அந்த மூத்த வணிகர் அய்யாக்குட்டியிடம் மெல்லக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லாததால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. கப்பல் வருமே? எங்கட பக்கத்திலயும் இப்பிடி ஒரு கழகம் இருக்கு. கப்பல் வருது எண்டு சொல்லி எங்கட மச்சானின்ர சாப்பாட்டுக் கடையை உடைச்சுப் போட்டாங்கள்."

அய்யாக்குட்டி அன்று சாயங்காலமே கிளைட்டனைப் பிடித்தார்.

"அங்கன உள்ளவன் இங்கன இருந்து கப்பல் வருதுங்கான். இங்கன உள்ள நாம அங்கன இருந்து வருதுங்கோம். கப்பலு யாருகிட்டலே இருக்கு?"

"ஒனக்கு ஏன்லே அதெல்லாம்? ஒரு கப்பல் வாடகைக்குப் பேசியாச்சு. டெல்லியில இருந்து பெரிய அதிகாரி வாராரு, முனையத்தத் தெறக்க. அன்னைக்குக் கப்பல் வந்து நிக்கும். ஆளு எறங்கும்."

"எங்க இருந்து எறங்கும்?"

கிளைட்டன் அவர் தோளில் கை போட்டான். "அதுக்குத்தாம்லே ஒன்ன நம்பி இருக்கேன்."

விஷயம் இதுதான். முதல் கப்பலில் வர மன்னாரில் யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. டிக்கெட் விற்க யாருக்கும் அனுமதி வரவில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. சுற்றுலாப் பயணிகளை வரவேற்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எனவே கப்பல் காலையில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, முயல் தீவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், திரும்பி வர வேண்டும். திரும்பி வருகிறவர்கள் மன்னார்ப் பயணிகள்.

"நான் எப்படிலே மன்னார்க்காரனாவேன்? ஊருல அத்தன பேருக்கும் என்னத் தெரியுமே!"

"ஊருக்காரன யாரு உள்ள விடுதா? ஏலே, ஒரு நா. ஒரே ஒரு நா. இது நல்லபடியா நடந்தாத்தான் முனையம் தொறக்கும். முனையம் தொறந்தாத்தான் கடை. ஒனக்கு மட்டுமா? அந்த வரிச மொத்தத்துக்கும்."

வரிசை என்று அவன் சொன்னதும் அய்யாக்குட்டிக்குச் செல்லக்கனியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தினமும் வெயிலில் கூடையோடு எதிரே வரும் செல்லக்கனி, இதுவரை ஒரு நாள்கூட "கடை என்னாச்சு?" என்று கேட்டதில்லை. அவள் கேட்காமலிருந்ததுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சரி என்றார்.

விழா அன்று அவருக்குப் பூப்போட்ட சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சக்கரம் வைத்த பெட்டி எல்லாம் கொடுத்தார்கள். பெட்டியில் ஒன்றும் இல்லை. இழுக்கும்போது லொடலொடவென்று சத்தம் வந்தது. கூட வந்த மற்ற மன்னார்ப் பயணிகள் கழக ஊழியர்களின் சொந்தக்காரர்கள். அரைக்கால் சட்டை போட்டு வந்த ஒருவர் எட்டயபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். கடலை முதல் முறையாகப் பார்க்கிறார். முயல் தீவைத் தாண்டியதும் அலை புரட்டியது. உரக்கடைக்காரர் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அய்யாக்குட்டி அவர் தலையைப் பிடித்துவிட்டார். வெறுங்கடலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அண்டை நாட்டிலிருந்து கப்பல் திரும்பியது.

கரையில் நையாண்டி மேளம். பலூன். இறங்கும் படியின் அடியில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் ஆரத்தித் தட்டுகளோடு நின்றார்கள். முதல் தட்டை வைத்திருந்தவள் செல்லக்கனி.

வரவேற்புக் குழுவில் சேர்ந்தால் முனையத்தில் கடை ஒதுக்கும்போது முன்னுரிமை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் கிளைட்டன்தான்.

தொப்பியையும் கண்ணாடியையும் தாண்டி அவள் அய்யாக்குட்டியைக் கண்டுகொள்ள ஒரு நொடிகூட ஆகவில்லை. தட்டு அப்படியே நின்றது. பின்னாலிருந்து மேற்பார்வைக்காரி, "சிரிச்சுக்கிட்டே எடுங்கம்மா, கேமரா இருக்கு" என்றாள். செல்லக்கனி ஆரத்தி எடுத்தாள். அவர் நெற்றியில் குங்குமம் வைத்தாள். பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"தங்கள் வரவு நல்வரவாகுக. பயணம் இனிதாக இருந்ததா?"

அவர் கண்ணாடியைக் கழற்றக் கையை உயர்த்தினார். அதற்குள் அவள் அடுத்தவரிடம் போய்விட்டாள்.

டெல்லி அதிகாரி மாலை போட்டார். அவருக்கு இந்த விழாவில் உண்மையிலேயே சந்தோஷம். முதல் பயணியோடு இரண்டு வார்த்தை பேச ஆசைப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் முன்னால் வந்து, காது கேளாதவரிடம் பேசுவது போல், தனக்குத் தெரிந்த மன்னார்த் தமிழில் அய்யாக்குட்டியிடம் கேட்டார்:

"ஐயா, எங்கட ஊரில உங்களுக்கு மிகவும் பிடித்தது என்ன?"

அய்யாக்குட்டி அதிகாரியின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவருடைய கல் இருந்த இடத்தில் செயற்கைப் புல் விரித்துப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

"இங்கன ஒரு புரோட்டா கடை இருந்துச்சு சார். அது நல்லா இருந்துச்சு."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்: "இங்கே ஏற்பட்டிருக்கும் மாற்றம் அவரை நெகிழச் செய்துவிட்டதாம்."

"அத இடிச்சவங்க திருப்பித் தாரோம்னு சொன்னாங்க."

"நட்பு என்பது கொடுத்து வாங்குவதாக இருக்க வேண்டும் என்கிறார்."

"அருமை, அருமை" என்றார் அதிகாரி. "மறுபடி எப்போது வருவார் என்று கேளுங்கள்."

"நான் எங்கயும் போகலயே சார். நான் இந்த ஊருதான்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது தன் சொந்த ஊர் போலவே இருப்பதால் விட்டுப் போக மனம் வரவில்லையாம்."

மேடையே எழுந்து நின்று கை தட்டியது. கிளைட்டனும் தட்டினான். அய்யாக்குட்டி அவனையே பார்த்தார். அவன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அய்யாக்குட்டி முனையத்துக்குப் போனார். வாசலுக்கு உள்ளே முதல் கடை. ஏசி இருந்தது. கண்ணாடிக் கதவு இருந்தது. மாஸ்டருக்குத் தொப்பியும் இருந்தது. கடையின் மேலே 'ரெக்சன் இன்டர்நேஷனல், மன்னார்' என்று எழுதியிருந்தது. ரெக்சன் கிளைட்டனின் மச்சினன். தருவைகுளத்தில் ஐஸ் வியாபாரம் செய்பவன்.

கிளைட்டன் அவரை ஓரமாக இழுத்துப் போனான்.

"கோவப்படாதலே. கழகத்துப் பேருல முதலீடுன்னு ஒரு வார்த்த இருக்குல்லா? இதுவரைக்கும் ஒரு முதலீடும் வரல. டெல்லியில கேக்கான். ரெக்சன் மன்னார்ல ஒரு கம்பெனி பதிஞ்சு, அங்க இருந்து முதலீடு பண்ணுத மாதிரி பண்ணிட்டான். அந்நிய முதலீட்டுக்கு மொதக் கடையக் குடுக்கணும்னு விதி."

"யாரு போட்ட விதி?"

"கழகந்தான்." கிளைட்டன் குரலைத் தாழ்த்தினான். "ரெக்சனுக்குப் புரோட்டா போடத் தெரியாது. நீ மாஸ்டரா வந்துரு. நல்ல சம்பளம் வாங்கித் தாரேன்."

அய்யாக்குட்டி அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பொய் சொல்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்த முகம் அங்கே இல்லை. நண்பனுக்கு ஒரு வழி பண்ணிவிட்ட திருப்திதான் இருந்தது. அதுதான் அவரை உலுக்கியது.

"செல்லக்கனிக்கு?"

"வரவேற்புக் குழுவுல இருக்கால்லா? கப்பல் வர்ற அன்னைக்கெல்லாம் வேலை."

"கப்பல் எப்பலே வரும்?"

"பரிசீலனையில இருக்கு."

அவர் நேரே தலைவரின் அறைக்குப் போனார். தலைவர் அவரைக் கண்டதும் எழுந்து வந்து இரு கையையும் பற்றிக்கொண்டார். தியாகப் பாராட்டு விழாவில் தன் கையால் பொன்னாடை போர்த்தியது அவருக்கு நினைவில் இல்லை. நேற்று இறங்கியது நன்றாக நினைவிருந்தது.

"இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறீர்களா? மிக்க மகிழ்ச்சி! கொற்கை பார்த்துவிட்டீர்களா?"

"சார், நான் அய்யாக்குட்டி. எதுத்தாப்புல புரோட்டா கடை வச்சிருந்தேன். நீங்க தினமும் முட்டை புரோட்டா வாங்கி அனுப்பச் சொல்லுவீங்களே? கடை தாரோம்னு சொன்னீங்க."

தலைவர் யோசித்தார். அவருக்குள் ஏதோ ஒரு முட்டை புரோட்டா அசைந்தது போலிருந்தது. ஆனால் அவர் நிர்வாகி.

"ஐயா, என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நேற்று நாடே பார்க்க நீங்கள் பயணியாக வந்து இறங்கிவிட்டீர்கள். இன்று நீங்கள் உள்ளூர்க்காரர் என்று நான் ஒப்புக்கொண்டால், நேற்று யாரும் வரவில்லை என்று ஆகும். யாரும் வரவில்லை என்றால் முனையம் எதற்கு? முனையம் இல்லையென்றால் உங்களுக்கு எங்கே கடை தருவது? உங்கள் கடைக்காகத்தான் சொல்கிறேன், நீங்கள் மன்னார்க்காரராகவே இருந்துவிடுங்கள்."

"மன்னார்க்காரனுக்குக் கடை உண்டா?"

"முதலீட்டாளருக்கு உண்டு. நீங்கள் சுற்றுலா."

வெளியே வரும்போதுதான் சுவரில் பார்த்தார். ஆள் உயரத்துக்குமேல் அவருடைய படம். தொப்பி, கண்ணாடி, நெற்றியில் செல்லக்கனி வைத்த குங்குமம். கீழே, 'இந்த ஊரை விட்டுப் போக மனம் வரவில்லை: மன்னார்ப் பயணி.'

வீட்டில் இந்துமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "கிளைட்டன் பய நம்ம புள்ள கல்யாணத்துல பந்தி விசாரிச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு தள்ளுவண்டியும் கல்லும் அடுப்பும் வந்தன.

வண்டியை முனையத்து வாசலுக்கு எதிர்ப்பக்கம், பழைய வரிசைக்கு நேராக நிறுத்தினார். மாவைப் பிசைந்து எடுத்து வந்திருந்தார். அடுப்பைப் பற்றவைக்கும்போது இரண்டு காவலாளிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கிளைட்டன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"இங்க கடை போடக் கூடாதுங்க" என்றான் கிளைட்டன்.

"ஏன்லே?"

"வெளிநாட்டவர் இந்த எல்லைக்குள்ள வியாபாரம் பண்ண அனுமதி இல்லைங்க. வேணும்னா ஒரு விண்ணப்பம் குடுங்க."

அய்யாக்குட்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் காதில் உறைத்தது. 'ங்க' என்கிறான். நாற்பது வருஷத்தில் கிளைட்டன் அவரை ஒரு தடவைகூட 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"ஏலே கிளைட்டன். இவங்க புதுசா வந்த பயலுக. இவங்களுக்கு என்னத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா? தெரியும்னு ஒரு வார்த்த சொல்லு. நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருதேன். கடை வேண்டாம். என்னத் தெரியும்னு மட்டும் சொல்லு."

கிளைட்டன் முனையத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தான். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். கிளைட்டன் காவலாளிகளிடம் திரும்பினான்.

"ஐயாவ மரியாதையா அனுப்பி வைங்க. நம்ம நாட்டுக்கு வந்த விருந்தாளி."

காவலாளிகள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஒருவன் அடுப்பை அணைத்தான். ஒருவன் வண்டியைச் சாலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி கை கூப்பினான். அய்யாக்குட்டி வண்டியைத் தள்ளினார். அணைத்த அடுப்பின் புகை கண்ணில் அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

பாலம் ஏறுகிற இடத்தில் வண்டி நகர மறுத்தது. முக்கிப் பார்த்தார். பிறகு சட்டென்று இலேசாயிற்று. திரும்பிப் பார்த்தால் செல்லக்கனி. மீன் கூடையை வண்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர், "நான் சொன்னதக் கேட்டுத்தான நீ..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா, நீங்க சொன்னதக் கேட்டுத்தான்" என்றாள் அவள். "இல்லன்னா சொல்லுதேன்? முன்னால பாத்துத் தள்ளுங்க."

உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலையில், சரக்கு ஏற்ற முறை வரும்வரை லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார்கள். கல் காய்ந்தது. ஒரு பக்கம் புரோட்டா, மறு பக்கம் ஒரு சட்டியில் மீன். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. முதல் புரோட்டா வெந்து வரும்போதே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், நாமக்கல் லாரி டிரைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னங்கண்ணாச்சி, கடைப்பக்கம் போய்ப் பாத்தேன், ஏதோ கண்ணாடி பில்டிங் நிக்குது. இத்தனை நாளா எங்கதான் போயிருந்தீங்க?"

அய்யாக்குட்டி மாவை வீசினார். புரோட்டா ஒரு பக்கம் கிழிந்தது.

செல்லக்கனி எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"அண்ணாச்சி ஃபாரின் போயிருந்தாரு" என்றாள். "இப்பத்தான் திரும்பி வாராரு."